வேலிக்கு இந்தப் பக்கம்

1838ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் சார்லஸ் டார்வின் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் இருக்கும் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றித் திரும்பி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த இடம் அப்போது எல்லோருக்கும் திறந்ததல்ல. சிங்கப்பூரைப் பிரிட்டனுக்காகப் பிடித்துக்கொடுத்த ராஃபிள்ஸ் 1826இல் தொடங்கிவைத்த விலங்கியல் சங்கத்தின் உறுப்பினர்களும், அவர்களிடம் சீட்டு வாங்கியவர்களும் மட்டுமே உள்ளே போகலாம். பொதுமக்கள் இன்னும் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

டார்வின் பார்க்கப் போனது ஜென்னி என்ற ஒராங்உட்டானை. அதை வைத்திருந்தது ஒட்டகச்சிவிங்கி வீட்டில். லண்டன் குளிருக்குக் கணப்பு போட்ட கட்டடம் அது. டெசிமஸ் பர்ட்டன் வடிவமைத்து 1837இல் கட்டி முடித்த அந்த வீட்டில் ஒட்டகச்சிவிங்கிகள் பிறகும் நெடுங்காலம் வசித்தன. ஜென்னிக்குச் சட்டை போட்டிருந்தார்கள். உட்காரச் சாய்வு நாற்காலி உண்டு. பராமரிப்பாளர் ஓர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இழுத்தடித்தார். ஜென்னி மல்லாக்க விழுந்து, காலை உதைத்து, அடம்பிடிக்கும் குழந்தை மாதிரியே அழுதது. அழுகையை நிறுத்தினால் தருவேன் என்று அவர் சொல்ல, அதற்குப் புரிந்தது. பாடுபட்டு அழுகையை அடக்கிக்கொண்டு, ஆப்பிள் கைக்கு வந்ததும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து நிம்மதியாகத் தின்றது. இதையெல்லாம் டார்வின் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். பிறகும் போய், கண்ணாடி கொடுத்து, அதன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்திருக்கிறார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1842இல், அதே இடத்தில் இன்னொரு ஒராங்உட்டானை விக்டோரியா அரசி பார்த்தார். முதல் ஜென்னி இறந்த பிறகு வந்த அதற்கும் ஜென்னி என்றே பெயர். அது தேநீர் தயாரித்துக் குடித்துக் காட்டியது. மனிதச் சாயல் மனத்தை வருத்துகிற அளவுக்கு, அருவருப்பான அளவுக்கு இருக்கிறது என்ற பொருளில் அரசி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். டார்வினை மகிழ்வித்த அதே ஒற்றுமை அரசியைக் கலங்கடித்தது.

இருவரும் பார்த்தது என்ன? போர்னியோவிலும் சுமத்ராவிலும் மர உச்சிகளில் பெரும்பாலும் தனியாகத் திரியும் ஒரு விலங்கு, இங்கே பாவாடை சட்டையோடும் தேநீர்க் கோப்பையோடும் இருந்தது. அடம்பிடிக்கும் குழந்தையை அந்த அறைதான் ஓரளவு உண்டாக்கியது: நாற்காலி, சட்டை, ஆப்பிளை நீட்டி இழுக்கும் கை. டார்வினின் பெரிய ஊகம் சரி, உறவு உண்மையானது. அவர் பார்த்த காட்சியோ பாதி காட்டிலிருந்தும் பாதி பராமரிப்பாளரிடமிருந்தும் வந்தது. அதே ஆண்டுகளின் குறிப்பேட்டில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஒராங்உட்டானின் அறிவைப் பார்த்துவிட்டு, தென்னமெரிக்க முனையில் தான் கண்ட, உடையில்லாத 'காட்டுமிராண்டி' மனிதனையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மனிதன் தன் மேன்மையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளட்டும் என்ற பொருளில் போகும் குறிப்பு அது. குரங்கை நம்மருகே கொண்டுவந்த அதே வாக்கியம் சில மனிதர்களை அப்பால் தள்ளிவைத்தது. அதை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்த வாக்கியம் நம் ஊர்ப் பக்கம் வரப்போகிறது.

விக்டோரியா காலத்துக் கூண்டுகள் கொடுமையானவை. சிறியவை, இருண்டவை, உள்ளே போன விலங்குகள் சீக்கிரம் செத்தன. ஆனால் அவற்றில் ஒரு நேர்மை இருந்தது: கம்பி தெரியும். சிங்கம் சோர்ந்து கிடந்தால், அதற்கும் நமக்கும் நடுவே இரும்பு நிற்பது சிறு பிள்ளைக்கும் கண்ணில் படும்.

கம்பியை எடுத்தவர் ஹாம்பர்க் நகரத்து விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக். விலங்கு எவ்வளவு உயரம் எகிறும், எவ்வளவு தூரம் தாவும் என்று சோதித்துப் பார்த்து, அதைவிட அகலமாக அகழி வெட்டினார். பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து அகழி தெரியாதபடி முன்னால் செடிகள், பின்னால் செயற்கைப் பாறை. 1896இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1907இல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் தன் பூங்காவைத் திறந்தார். மான் முன்னால் மேய, பின்னால் சிங்கம் படுத்திருக்க, ஒரே வெளியில் எல்லாம் இருப்பதுபோலத் தெரியும். இன்று உலகில் எந்தப் பெரிய மிருகக்காட்சிசாலைக்குப் போனாலும் நாம் பார்ப்பது அவருடைய பேரப்பிள்ளைகளைத்தான். 1855இல் சென்னை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் கூடம் பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போனது. சென்னைக்காரர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். அங்கே கம்பிக் கூண்டுகள் இருந்தன. 1985இல் வண்டலூரில் திறந்தபோது அகழிகள் வந்துவிட்டன.

ஹாகன்பெக் விலங்குகளை மட்டும் காட்டவில்லை. 1870களில் வடதுருவப் பக்கத்துச் சாமி மக்களைக் கலைமான்களோடு அழைத்துவந்து தொடங்கிய அவருடைய 'மக்கள் காட்சி', 1880களில் இலங்கைக்கு வந்தது. யானைகள், வண்டிமாடுகள், ஆட்டக்காரர்கள், குழந்தைகள் எல்லோரும் கப்பலேறி ஐரோப்பிய நகரங்களில் வேலிக்குப் பின்னால் 'தங்கள் அன்றாட வாழ்க்கையை' வாழ்ந்துகாட்டினார்கள். மானிடவியலாளர்கள் வந்து தலையை அளந்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற குடும்பங்கள் இந்த மக்களின் இயல்பு இப்படி, உணவு இப்படி, குணம் இப்படி என்று பேசிக்கொண்டே போயிருப்பார்கள். ஒப்பந்தம் போட்டு, கூலி பேசி, நேரம் குறித்து நடந்த காட்சி அது என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? கார்லின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜான் ஹாகன்பெக் கொழும்பிலேயே தங்கி வியாபாரம் செய்தார். தெஹிவளை மிருகக்காட்சிசாலை அவர் வைத்திருந்த விலங்குத் தோட்டத்திலிருந்து வந்தது. 1936இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் தெஹிவளைக்குப் போய், யானை நடனம் பார்த்துக் கைதட்டிய வாசகர்கள் இந்த இதழுக்கு நிறையவே இருப்பார்கள். கொஞ்சம் பின்னால் போனால், அந்த வேலிக்கு மறுபுறம் நம்மைப் போன்றவர்கள் நின்றிருக்கிறார்கள்.

கம்பி மறைந்ததில் ஒரு விளைவு உண்டு. அதை யாரும் திட்டமிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனதும், விளக்கத்திலிருந்தும் காணாமல் போனது. விலங்கு என்ன செய்தாலும் அது விலங்கின் சுபாவம் என்றாகிவிட்டது. இதற்கு உலகிலேயே தெளிவான சாட்சி லண்டனில் இருந்த குரங்கு மலை.

ஹாகன்பெக்கின் வழியில் லண்டன் முதலில் கட்டியது மாப்பின் மாடிக்குன்றுகளை. 1914இல் அவை திறந்தன. கான்கிரீட்டில் எழுப்பிய பொய் மலை. அதன் படிகளில் கரடிகள். அந்த டிசம்பரில் கனடாப் படையின் கால்நடை மருத்துவர் ஹாரி கோல்பர்ன், பிரான்சுக்குப் போர்முனைக்குப் போகுமுன் தன் கருங்கரடிக் குட்டியை அங்கே விட்டுச் சென்றார். நான்கு மாதங்களுக்கு முன் ஒண்டாரியோவின் ஒயிட் ரிவர் ரயில் நிலையத்தில், அதன் தாயைக் கொன்ற வேட்டைக்காரனிடம் 20 டாலருக்கு வாங்கிய குட்டி. சிப்பாய்களின் கையில் வளர்ந்தது. வின்னி என்று பெயர். குழந்தைகள் பக்கத்தில் போய்த் தொடுமளவு சாது. அப்படிப் பக்கத்தில் போன ஒரு சிறுவனின் அப்பா ஏ. ஏ. மில்ன். 1926இல் அவருடைய புத்தகம் வந்தது. கரடி என்றால் தேன் குடிக்கும் சாதுப் பிராணி என்று அதற்குப் பின் பிறந்த ஆங்கிலக் குழந்தைகள் நம்பின. இங்கே வளரும் நம் குழந்தைகளும் நம்புகின்றன. அந்தச் சாதுத்தனத்துக்குப் பின்னால் ஒரு துப்பாக்கியும் ஒரு ரயில் நிலையமும் இருப்பது புத்தகத்தில் வராது. வரவும் தேவையில்லை, அது குழந்தைகளுக்கான கதை. நான் சொல்ல வந்தது, இதே தோட்டத்தில் இதே ஆண்டுகளில் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட வேறொரு கதையை.

குரங்கு மலை 1925இல் திறந்தது. சுமார் 100 அடி நீளம், 60 அடி அகலம். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்ட். நடுவே செயற்கைப் பாறைக்குன்று, சுற்றிலும் பள்ளம், கம்பியே கிடையாது. அதில் ஏறக்குறைய 100 ஹமட்ரியாஸ் பபூன்களை விட்டார்கள். (தமிழில் பபூன் என்றால் நாடகத்துக் கோமாளி ஞாபகத்துக்கு வரும். இது நாய் முகமும், ஆணுக்கு வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தோள்வரை பிடரியும் கொண்ட பெரிய குரங்கு. பண்டைய எகிப்தியர் கும்பிட்டது.) எல்லாம் ஆணாக இருக்க வேண்டும் என்பது திட்டம். கணக்குத் தவறி ஆறு பெண்களும் வந்துவிட்டன. வந்த நாளிலிருந்தே சண்டை. இரண்டு ஆண்டுகளில் பல செத்தன. 1927இல் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து 30 பெண் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் சுமார் பாதி ஒரு மாதத்துக்குள் செத்துப்போயின. ஆண்கள் பெண்ணைப் பிடித்து இழுத்தன, இன்னொன்று வந்து பறித்தது, அது இறந்த பிறகும் உடலை விடாமல் இழுத்துக்கொண்டு அலைந்தன. இத்தனையும் நுழைவுச்சீட்டு வாங்கிய மக்களின் கண் முன்னால், மறைக்க ஒரு கம்பிகூட இல்லாமல் நடந்தது.

1928இல் விலங்கியல் சங்கத்தின் உடற்கூற்று ஆய்வாளராகச் சேர்ந்தவர் சோலி ஜூக்கர்மன். கேப் டவுனில் பிறந்தவர், வயது 24. செத்த குரங்குகளை அறுத்துப் பார்ப்பது அவருடைய வேலை, உயிரோடிருந்தவற்றை உற்றுப் பார்த்தது அவருடைய ஆர்வம். இறந்த 33 பெண்களில் 30 சண்டையில் இறந்தவை என்று நமக்குத் தெரிவது அவர் எழுதிவைத்ததால்தான். அந்தக் கவனத்துக்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1932இல் வெளியான அவருடைய நூல், குரங்குகள் மற்றும் மனிதக் குரங்குகளின் சமூக வாழ்க்கையைப் பற்றிப் பொதுவாகவே பேசியது. குரங்குச் சமூகத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு பாலுறவு. அதன் ஒழுங்கு வலிய ஆணின் ஆதிக்கம். குன்றில் கண்டது காட்டில் நடப்பதிலிருந்து அடிப்படையில் வேறானதல்ல என்றும் அவர் வாதிட்டார். கிட்டத்தட்ட ஒரு தலைமுறை முழுக்க அறிவுலகம் இதை ஏற்றது. குரங்கே இப்படியென்றால் மனிதன் எப்படியிருப்பான் என்ற அடுத்த படிக்குப் போகாமல் இருக்க யாரால் முடியும்? முதல் உலகப் போர் முடிந்து பதினான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது.

1960களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கும்மர் என்ற சுவிஸ் ஆய்வாளர் எத்தியோப்பியாவுக்குப் போனார். அதற்குமுன் ஜூரிச் மிருகக்காட்சிசாலையில் இதே வகைப் பபூன்களைப் பார்த்துப் பழகியவர், ஆகவே எதைத் தேடுவதென்று தெரிந்தவர். அங்கே கண்டது இது: ஓர் ஆணும் சில பெண்களும் குட்டிகளும் ஒரு குடும்பம். குடும்பங்கள் சேர்ந்து கூட்டம். இரவில் ஒரே செங்குத்துப் பாறையில் நூற்றுக்கணக்கில் உறங்கும்; பகலில் உணவு தேடிப் பல கிலோமீட்டர் நடந்து கலையும். ஆண் தன் பெண்களை அதட்டும், கழுத்தைக் கடித்து வழிக்குக் கொண்டுவரும். அதை மென்மையான வாழ்க்கை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆண், ஒன்றையொன்று அறிந்த இன்னோர் ஆணிடம் இருக்கும் பெண்ணைப் பறிக்கப் போவதில்லை. கும்மரும் உடனிருந்தவர்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பெண்ணை ஓர் ஆணோடு சிறிது நேரம் விட்டு, அதை மற்றோர் ஆண் பார்க்கும்படி செய்தார்கள். பிறகு மூன்றையும் சேர்த்து விட்டால், பார்த்துக்கொண்டிருந்த ஆண் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் கிடந்த கல்லை நோண்டியது. வலிமையில் மிஞ்சியதாக இருந்தாலும் அப்படித்தான். குன்றில் வெடித்த போரைத் தடுக்கும் வழக்கம் அந்த இனத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்த வழக்கம் வேலைசெய்ய, முன்பே ஒன்றையொன்று தெரிந்திருக்க வேண்டும், விலகிப்போக இடம் வேண்டும், பெண்களின் எண்ணிக்கை ஓரளவாவது ஈடுகொடுக்க வேண்டும். ரீஜென்ட்ஸ் பூங்காவில் மூன்றும் இல்லை. வெவ்வேறிடத்தில் பிடிபட்ட அந்நியர்களை, நூற்றுக்கு ஆறு என்ற கணக்கில், இரண்டரை கிரவுண்டில் போட்டால் என்ன நடக்கும் என்று காட்டிய பரிசோதனை அது. பரிசோதனை என்று தெரியாமலே செய்தார்கள், விடையைப் பபூனின் பெயரில் எழுதினார்கள்.

என் தொழிலில் இது தினமும் நடப்பது. ஒரு மென்பொருள் திரையில் ஆயிரம் பேர் ஒரே இடத்தில் தவறான பொத்தானை அழுத்தினால், முதல் கூட்டத்தில் வரும் பேச்சு, பயனர்களுக்குப் பயிற்சி போதாது என்பதாக இருக்கும். பொத்தான் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்க மூன்றாவது கூட்டம் ஆகும். அங்கே நஷ்டம் பணத்தோடு போகும். மனிதர்கள் விஷயத்தில் அப்படிப் போவதில்லை. ஒரு முகாமில் பத்துக்குப் பத்து அறையில் இரண்டு குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் நடக்கும் சண்டையைப் பார்த்து இந்த ஆட்களே இப்படித்தான் என்று சொன்ன அதிகாரிகளையும் பத்திரிகைகளையும் நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அகதிகளாக வந்தவர்களைப் பற்றி, ஒருவேளை விமானத்தில் விசாவோடு வந்தவர்கள், என்னைப் போன்றவர்கள், அதே தொனியில் பேசியதும் உண்டு.

வேலியோரத்து ஊகம் தவறானது, அதை விட்டொழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டார்வினும் வேலியோரத்தில்தான் நின்றார். அவர் மறுபடி மறுபடி போனார், கண்ணாடி கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் ஒரு நிமிடம் நிற்பதில்லை. எந்த ஊர் மிருகக்காட்சிசாலையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று கேளுங்கள். புலி ஒரே தடத்தில் எட்டுப் போட்டு நடந்தால், ஒருவர் பசி என்பார், அடுத்தவர் கோபம் என்பார். ஒரு தமிழ் அப்பா தன் பிள்ளையிடம், "வாக்கிங் போகுதடா, உன் தாத்தா மாதிரி" என்று சொல்வதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். கோயில் யானை நின்ற இடத்திலேயே அசைந்தால் நாதசுரத்துக்குத் தலையாட்டுகிறது என்று நாம் சொல்லி வளர்ந்தோம். நாதசுரம் ஓய்ந்த பிறகும் அது அசைவதைக் கவனித்தவர்கள் குறைவு. சங்கிலியில் நிற்கும் யானைக்கும், செய்ய ஒன்றுமில்லாத புலிக்கும் வரும் நோய் இது. ஹெய்னி ஹெடிகர் என்ற சுவிஸ் மிருகக்காட்சிசாலை இயக்குநர் 1942இல் எழுதிய நூலில், விலங்குக்கு எத்தனை சதுர அடி என்பதைவிட அந்த இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார். ஒளிந்துகொள்ள மறைவு இருக்கிறதா, மனிதன் எவ்வளவு நெருங்கினால் அது ஓடத் தொடங்கும், அந்தத் தூரமாவது அதற்குக் கிடைக்கிறதா? மறைவு வைத்த அடைப்பைப் பார்வையாளர்களுக்குப் பிடிக்காது. காசு கொடுத்து வந்தோம், சிறுத்தையைக் காணோம் என்பார்கள்.

ஜூக்கர்மன் பிறகு பெரிய ஆளானார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்தார், பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகரானார். 1955 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே விலங்கியல் சங்கத்தின் செயலாளராக இருந்தார். குரங்கு மலை அதே 1950களில் இடிக்கப்பட்டது.

இடிக்கப்படாத ஒன்று அங்கே நிற்கிறது. 1934இல் பெர்த்தோல்ட் லுபெட்கின் கட்டிய பென்குயின் குளம்: வெள்ளைக் கான்கிரீட்டில் நீள்வட்டச் சுவர், நடுவில் ஒன்றையொன்று சுற்றியிறங்கும் இரண்டு மெல்லிய சரிவுப் பாதைகள், தாங்க ஒரு தூண்கூட இல்லாமல். கட்டடக்கலைப் பாடப்புத்தகங்களில் அதன் படம் இருக்கும். பென்குயின்கள் அந்தச் சரிவில் வரிசையாகத் தத்தித் தத்தி ஏறுவதைப் பார்த்து எழுபது ஆண்டுகள் மக்கள் சிரித்தார்கள். பென்குயினின் லாவகம் தண்ணீருக்கடியில் இருக்கிறது; சில வகைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். கான்கிரீட்டில் நடந்து நடந்து அவற்றின் பாதங்கள் புண்ணாயின. 2004இல் அவற்றை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 2011இல் மணலும் கூழாங்கல்லுமாகப் பெரிய கடற்கரை ஒன்று அவற்றுக்குத் திறக்கப்பட்டது. பழைய குளம் முதல் தரப் பாரம்பரியக் கட்டடம் என்பதால் அதை இடிக்கவோ, பென்குயினுக்கு ஏற்றபடி மாற்றவோ முடியாது. காலியாக இருக்கிறது. போனமுறை நான் நின்றபோது ஒரு சிறுமி அம்மாவிடம் இதில் என்ன மிருகம் இருந்தது என்று கேட்டாள். அம்மா சரிவுப் பாதைகளை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, குரங்காக இருக்கும் என்றார்.